அசல் தேக்கு

மரத்தூள் பலகையில் பசை பூசி, சீப்பால் ரேகை இழுத்து, சாயம் ஏற்றித் தேக்காக்குவது என் தொழில். நெய்வேலியில் என் கைபட்ட ‘தேக்கு’ எந்தெந்த ஊருக்கோ போயிருக்கிறது.

மகள் தமிழ்நிலாவின் கல்யாணச் சீருக்கு மட்டும் அசல் தேக்கு பீரோதான் என்று அடம்பிடித்தேன். குள்ளஞ்சாவடிக் கடையில் ஒன்றைத் தட்டினேன், தடவினேன், மோந்தும் பார்த்தேன்.

“இந்தக் கண்ணை ஏமாத்த முடியாதுங்க” என்று கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டு வாங்கிவந்தேன்.

வீட்டில் அதைத் துடைத்த மனைவி மலர்விழி சிரித்தாள்.

“ஏங்க, பலகையில மரக்கணு வரையறப்ப அந்தத் தழும்பு விழுந்த கட்டைவிரலை அழுத்துவீங்கல்ல?”

“ஆமா, அதுக்கென்ன?”

“இந்தக் கணுவுல அந்தத் தழும்பு அப்படியே பதிஞ்சிருக்கு. இதைத்தான் ஊர் ஊரா தேடிக்கினு அலைஞ்சீங்களா?”

விரலை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

“சம்பந்தி கண்டுபிடிச்சிட்டா?” என்றேன் பதறி.

“செஞ்ச உங்களுக்கே தெரியலை. அவருக்கா தெரியப்போவுது?”