கருவாட்டுக் கப்டனுக்கு ஒரு மெழுகுதிரி

காட்டூன் படத்தில் வருகிற கள்ளன் ஒருத்தன் திரும்பி வரவேண்டுமென்று அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள் மார்கிறட். விளையாட்டுக்கில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல், முழங்காலில் நின்று.

பக்கத்து வீட்டு வசந்தாதேவிக்குச் சிரிப்பு பாதி, எரிச்சல் பாதி.

"ஏன்கா, ஊரில ஆக்கள் காணாமப் போன புள்ளையளுக்கு நேத்தி வைக்குதுகள். நீ கருவாட்டுக் கப்டனுக்கு வைக்கிறாய். உனக்கென்ன மூளை பிசகிட்டா?"

"அந்தோனியார் துலைஞ்சதத் தேடித் தாறவர்தானே. கேட்டுப் பாக்கிறன்" என்றாள் மார்கிறட். முகத்தில் ஒரு சொட்டு வெட்கம் இல்லை.

கப்டன் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்த வருடம் அது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு வெளிநாட்டுக் காட்டூன் தமிழ்க் குரலோடு டிவியில் போகும். அப்பா, அம்மா, இரண்டு வாலுப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தைப் பாடாய்ப் படுத்த அடிக்கடி வந்து நிற்கிற ஒற்றைக்கண் கள்ளன்தான் கருவாட்டுக் கப்டன். போன மாதம் பிள்ளைகள் சேர்ந்து அவனை றொக்கட்டில் ஏற்றிச் சந்திரனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு ஆளைக் காணவில்லை.

அன்றைக்குத் திராய்மடுவில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் இருந்த சின்னதுகள் எல்லாம் கைதட்டிச் சிரித்தன. மார்கிறட் சோறு தின்னாமல் படுத்துவிட்டாள்.

கதை கிளம்பாமல் இருக்குமா? புருசன் பிலிப்பைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருடமாகப் போகிறது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அந்த மனுசனுக்கு அவள் வாய்விட்டு அழுததை யாரும் காணவில்லை. சனிக்கிழமை என்றால் மட்டும் குளித்து, நல்ல சீலை உடுத்து, பவுடர் பூசி டிவிக்கு முன்னால் குந்திவிடுவாள்.

"கட்டினவனுக்கு அழாதவள் கள்ளனுக்கு அழுறாள். எனக்கெண்டால் இது நல்லதாப் படல்ல" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள் வசந்தாதேவி. அவள் வேறு கரையிலிருந்து வந்து குடியேறியவள். பிலிப்பை ஒரு நாளும் கண்டதில்லை.

வந்தது அந்தச் சனிக்கிழமை. 'கப்டன் மீண்டும் வருகிறார்' என்று டிவியில் கிழமை முழுக்க விளம்பரம் போனது. மார்கிறட்டின் ஒரே மகன் சுஜீவனும் கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தான். சண்டைக்கு ஆள் பிடிக்கிற காலத்தில் பயந்து அங்கே அனுப்பின பிள்ளை. டிவிக்காரரிடம் ஏதோ வேலை. தேத்தண்ணி கொடுக்கிற வேலையாகத்தான் இருக்கும் என்று வசந்தாதேவி தானாகவே முடிவுகட்டி வைத்திருந்தாள்.

வேடிக்கை பார்க்கலாமென்று அவளும் வந்து குந்தினாள்.

காட்டூன் தொடங்கியது. குடும்பம் மேசையில் சாப்பிட இருக்கிறது. கதவு படாரென்று உடைகிறது. புகைக்குள் ஒற்றைக் கண்.

"அடுப்ப மூட்டு புள்ள, நான் வந்துட்டன்."

வீடு அதிர்ந்தது. எங்கோ வாவி நடுவில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். மார்கிறட் சடாரென்று எழும்பி, அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. வாயோ சிரித்தது.

"நல்ல குரல்தான்" என்று ஒத்துக்கொண்டாள் வசந்தாதேவி. "ஆராம் பேசுறது?"

"நான்தான் மாமி" என்றான் சுஜீவன்.

"நீயா மனே? நம்ம திராய்மடுப் பொடியனா?" வசந்தாதேவிக்குக்கூட நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு மார்கிறட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இப்பதான் விளங்குது. கப்டன் போனா மகன்ட வேலையும் போயிரும். அதுக்குத்தானே மெழுகுதிரி. முந்தியே சொல்லியிருந்தா நானும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிரிப்பன்."

"இல்ல மாமி, வேலைக்கு ஒண்டும் ஆகல்ல. அந்தக் குடும்பத்து அப்பாவுக்கும் நான்தான் பேசுறன். அவர் கிழமைக்குக் கிழமை வாறார்தானே."

வசந்தாதேவிக்குக் குழம்பிவிட்டது. "அப்ப மறுகா என்னத்துக்குகா அழுதாய்? அந்த அப்பாட குரலும் உன்ட மகன்ட குரல்தானே. நல்லவன விட்டிட்டு ஏன் இந்தக் கள்ளனையே கேட்டுக் கிடந்தாய்?"

சுஜீவன் தலையைக் குனிந்துகொண்டான். மார்கிறட் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"அந்த நல்லவன் பேசுறதுதான் மகன்ட குரல். கள்ளனுக்கு நல்ல முரட்டுக் குரலொண்டு வேணுமெண்டு கேட்டிருக்காங்க. இவன் தகப்பன்ட குரலக் குடுத்திட்டான். கடல் எங்களுக்கு ஒரு போட்டோகூட விடல்ல வசந்தி. தோணி கரைக்கு வர முந்தியே அவர் இப்பிடித்தான் அடுப்ப மூட்டச் சொல்லிக் கூப்பிடுவார். அப்ப எனக்கு மட்டும் கேட்டிச்சு. இப்ப நாடு முழுக்கக் கேக்குது."

வசந்தாதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மார்கிறட் கையைக் காட்டி மறித்தாள்.

"சத்தம் போடாம இரிகா. என்ட மனுசன் கதைக்கிறார்."