அடிதடியா, கூச்சலா

அட்லாண்டிக் சிட்டி கோர்ட் வராந்தா. பெஞ்சின் ஒரு முனையில் சேனாபதி, மறு முனையில் அவர் மனைவி நாகலக்ஷ்மி. நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

சேனாபதிக்கு, முந்தின நாள் ரெஸ்டாரண்டில் கடைசி தோசையையும் சுட்டு, கல்லைத் தேய்த்து வைத்துவிட்டு வந்த உடம்பு. உட்கார்ந்த பிறகும் முழங்கால் கடுத்தது.

வக்கீல் ஷ்யாமளா நின்றபடியே விளக்கினாள். கேசினோ தகராறு எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், கோர்ட்டில் அப்படி இல்லை. செக்யூரிட்டி மேல் கை வைத்தால் அடிதடி. ஆறு மாதம் வரை உள்ளே போடலாம். வெறுமனே கத்திக் கலாட்டா பண்ணினால் அதைவிடச் சின்னது, முப்பது நாள் வரை. எல்லாவற்றுக்கும் அடியில், ஊர் விதியை மீறியது என்று ஒன்று, அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்.

சேனாபதி மேல் எழுதியிருந்தது அடிதடி.

அது ஃபைலில் ஏறிவிட்டால், ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிற கிரீன் கார்டு வராமலே போகலாம் என்றாள் ஷ்யாமளா. நாகலக்ஷ்மியின் கார்டும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டிலும் வேலையிடத்திலும் அவர் சொல்லி வைத்திருந்த கதையும் அடிதடிதான். அந்த செக்யூரிட்டி ஆள் கையை ஓங்கினான், நான் ஒரு தள்ளு தள்ளினேன், விழுந்தான். பரோட்டா போடுகிற மகிழன் அன்றிலிருந்து அவரைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுகிறான். பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறுகிற மனுஷன் ஆறடி ஆளைத் தள்ளினாராம் என்று நாகலக்ஷ்மி ஒரே ஒரு தரம் சொன்னாள். அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை ரெஸ்டாரண்டுக்கு லீவு. ஐந்து வருஷமாக ஒரு திங்கள் தவறாமல் அவர் கேசினோ பஸ் ஏறியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஷ்யாமளா போனை நீட்டினாள். கேசினோ கேமராவில் பதிவானது, சத்தம் இல்லாத படம். வாசலில் சேனாபதி நிற்கிறார். சட்டென்று குனிந்து செக்யூரிட்டியின் இரண்டு காலையும் கட்டிக்கொள்கிறார். அந்த ஆள் தடுமாறி மல்லாந்து விழுகிறான்.

காலை வாரிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் நீங்கள் தள்ளவே இல்லையே என்று இழுத்தாள். அவளும் தமிழ்ப் பெண்தானே, அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

சேனாபதி மனைவியைப் பார்த்தார்.

பயில்வானாகவே இருந்துவிட்டால் மானம் மிஞ்சும். கார்டு போகும்.

காலில் விழுந்தேன் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நாகலக்ஷ்மிக்குக் கேட்டுவிட்டது.

விட்ட காசைக் கேட்டு வாட்ச்மேன் காலிலா விழுவார்கள் என்று அவள் சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள்.

ஷ்யாமளா உள்ளே போனாள். காலில் விழுவது என்றால் என்னவென்று அரசு வக்கீலுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைத்தாளோ, அரை மணி ஆயிற்று. வரும்போது முகம் தெளிந்திருந்தது. அடிதடியை எடுத்துவிட்டார்கள். ஊர் விதி மட்டும்தான், அபராதம் கட்டினால் முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அதைச் சொல்ல அவளுக்கே சங்கடமாக இருந்தது.

"ஒரு வருஷத்துக்கு நீங்க அந்த கேசினோவுக்குள்ள கால் வைக்கக் கூடாது, அங்கிள். ஒத்துக்கலாமா?"

சேனாபதி பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ஒரு வருஷம் பத்தாதும்மா. இனிமே என்னை எப்பவுமே உள்ள விடாதீங்கன்னுதான் அன்னிக்கு அந்த ஆள் காலைப் பிடிச்சேன்."