ஆணைக்கு முன் திறந்த பை

ஓர் எலியின் பின்னங்காலை அசைக்கும் நரம்பின் நுனியில் காவலன் என்னும் புரதம் வாழ்ந்துவந்தது. செய்தி நிரம்பிய சின்னஞ்சிறு பைகளை வாயிலருகே பிடித்து நிறுத்துவதே அதன் பணி. மூளையின் ஆணையோடு கால்சியம் உள்ளே வந்தால்தான் அது பிடியை விடும், பைகள் ஒருங்கே திறக்கும், கால் துள்ளும்.

அன்று எலி அரிசி மூட்டையின் பின்னே பதுங்கியிருந்தது. முன்னே பூனை மோப்பம் பிடித்தபடி நின்றது.

"விடுங்கள் அண்ணே! உடம்பெல்லாம் பதறுகிறது," என்றது முதற்பை.

"கால்சியம் வரட்டும், தம்பி."

"அவர் வருவதற்குள் பூனை வந்துவிடும்! நீங்கள் காவலரா, கருங்கல்லா?"

"கல்லாகவே இருந்துவிட்டுப் போகிறேன். பூனை இன்னும் நம்மைக் காணவில்லை. அசையாதே."

பை நெளிந்தது, முட்டியது. காவலனின் பிடி ஒரு கணம் நழுவவே, அது தனியாகத் திறந்து தன்னிடமிருந்த அனைத்தையும் கொட்டிவிட்டது. எலியின் கால் துடித்தது. மூட்டை சரசரத்தது. பூனையின் காது திரும்பியது.

அப்போதுதான் கால்சியம் பாய்ந்து வந்தது. "எல்லோரும் திறவுங்கள்!"

மற்றப் பைகள் யாவும் திறந்தன; முதற்பை வெறுமையாகக் கிடந்தது. எலி தாவி வளைக்குள் புகுந்தது. வாலின் நுனி மட்டும் பூனையின் வாயில் தங்கிவிட்டது.

"பார்த்தீர்களா?" என்றது வெற்றுப்பை. "அப்போதே எல்லோரும் என்னோடு கிளம்பியிருந்தால் வால் தப்பியிருக்கும்."

காவலன் பிடியை இறுக்கியது. அதன் பிடியில் அடுத்த பை நெளியத் தொடங்கியிருந்தது.