உறுமல் அடங்கியபோது

கோமளவல்லியின் சமையலறையில், பழைய ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் புதிது ஒன்று வந்து நின்றது. தன்னை அனுப்பிவிடுவார்களோ என்று பழையதற்குப் பயம். உடம்பே அதிரும்படி உறுமியது.

"சத்தத்தையே காணோமே, வேலை செய்யறியா தம்பி?"

"செய்யறேண்ணே. பால் ஜில்லுன்னுதான் இருக்கு," என்றது புதியது.

"உழைக்கிறது வெளியே கேக்க வேண்டாமா?" பழையது இன்னும் உரக்க உறுமியது.

கோமளவல்லி இரண்டிலிருந்தும் பாலை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சி ஒன்றுதான்.

"அப்புறம் நீ மட்டும் ஏன் இவ்வளவு கரண்டைக் குடிக்கிறே?" என்று பழையதன் பிளக்கைப் பிடுங்கினாள்.

உறுமல் அடங்கியது. குழாய் சொட்டுவது கேட்டது. பாலைக் காய்ச்சியபடியே கோமளவல்லி மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் பாடுவாள் என்பதே பழைய ஃப்ரிட்ஜுக்கு அன்றுதான் தெரிந்தது.