மிளகு தேறிவிட்டாள்

எவர்சில்வர் மேசைமேல் காலை வெயில் கண் கூச விழுகிறது. அதில் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கிறாள் மிளகு. போன வருடம் நாய்களைத் தாக்கும் பார்வோ நோய்க்குத் தடுப்பூசி போட்டதும் அவள் முகம் வீங்கிவிட்டதால், அவளை வளர்க்கும் பஸ் டிரைவர் இந்த முறை முதலில் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவின் கையிலிருக்கும் சோதனை முடிவுத் தாளையே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எதிர்ப்பு சக்தி நல்லாவே இருக்குங்க. இந்த வருஷம் அந்த ஊசி வேண்டாம். வெறிநோய் ஊசி மட்டும் கட்டாயம்." "போடுங்கம்மா. அது அவளுக்கு ஒத்துக்கும்." ஊசி இறங்குகிறது. மிளகு முனகக்கூட இல்லை. டிரைவர் அந்தத் தாளை மதிப்பெண் பட்டியல்போல மடிக்காமல் ஏந்திக்கொண்டு, வெளியே காத்திருக்கும் அத்தனை பேரும் பார்க்க நடக்கிறார். சாலையில் எவரையும் முந்தவிடாத மனிதர், வாசலில் ஒதுங்கி நிற்கிறார். "நீ முன்னாடி போ, தாயே."