அல்லியின் சிவப்பு விளக்கு

மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும், பாடத்தைக் கவனிக்கிறார்களா என்று அளக்கும் கவனப்பட்டை பச்சையாக எரிந்தது. அல்லியுடையது மட்டும் சிவப்பு. இன்று மாலைக்குள் அது மாறாவிட்டால் அவளை ஆங்கில வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன்பின் அவளுக்கு ஆங்கிலமே கிடையாது.

ஆங்கிலம் நடத்தும் சலோமி டீச்சருக்கு அவளை விட மனமில்லை. ஆங்கிலக் கதையைத் தானாகவே படித்துப் புரிந்துகொள்கிற ஒரே பிள்ளை அல்லிதான். ஆனால் யோசிக்கும்போது ஜன்னல் பக்கம் பார்ப்பாள். யோசனையெல்லாம் பட்டைக்குக் கவனமாகத் தெரிவதில்லை.

மதிய இடைவேளையில் அவளை எதிரே உட்காரவைத்தாள்.

"என் மூக்கையே பாருடி. சிரிச்சிக்கிட்டே தலையாட்டு."

"மிஸ், கதையில அந்த நரி ஏன் வீட்டுக்குத் திரும்பிப் போகல? அதான் யோசிச்சிட்டிருந்தேன்."

பத்து வருடமாக அந்தக் கதையை நடத்துகிறாள். ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. அதைப் பற்றி அவளோடு பேச வேண்டும்போல் இருந்தது சலோமிக்கு. பட்டையோ சிவப்பாகவே இருந்தது.

"நரிய விடு தங்கம். ஒண்ணும் யோசிக்காத. மிஸ்ஸுக்காக."

மணியடிப்பதற்குள் பட்டை பச்சையாகிவிட்டது. அல்லி தப்பித்தாள்.

செய்த பாவத்துக்குப் பரிகாரம்போல, மறுநாள் சலோமி கடைக்குப் போய்ப் படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து அவளிடம் கொடுத்தாள். அல்லி அதைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்துச் சிரித்தாள்.

"படிக்கலியாடி?"

"வேணாம் மிஸ். படிச்சா யோசனை வந்துரும்."