வாடகைக்கு விட்ட சங்கு

காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று, உடம்பு வளர்ந்ததும் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொண்டது. பழையதைச் சும்மா போடுவானேன் என்று ஒரு பொடி நண்டுக்கு வாடகைக்கு விட்டது. வாடகை, தினம் ஓர் இறால் தலை. "உள்ளே வேறு யாரையும் சேர்க்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லியும் வைத்தது.

உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வரவும் நண்டுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. இறால் தலைகளைக் கொடுத்து மேலும் மேலும் சங்குகள் வாங்கியது. எல்லாவற்றிலும் ஆள் குடிவைத்தது. ஒருநாள் புதிதாகக் கரையேறிய நண்டு, "அண்ணாச்சி, நீங்க இருக்கிற சங்குதான் எனக்குப் பிடிச்சிருக்கு. வாடகை ரெண்டு மடங்கு தாரேன்" என்றது. லாபம்தானே! கழற்றிக் கொடுத்துவிட்டது.

வெயில் ஏறியது. மெத்தென்ற முதுகு சுட்டது. மேலே காக்கை ஒன்று வட்டமிட்டது. கரையில் பாதிச் சங்கு நம்முடையது, பிறகு நமக்கு ஏன் போக இடமில்லை? எங்கே தப்பு நடந்தது என்று நண்டுக்கு விளங்கவேயில்லை. ஓடிப்போய் முதல் சங்கைத் தட்டியது.

"தம்பி, பாதி உடம்பையாவது நுழைச்சுக்கிறேன், இடம் கொடு!"

பொடி நண்டு எட்டிப் பார்த்தது. "முடியாதுங்க. யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு எங்க ஓனர் சொல்லியிருக்கார்."

"அந்த ஓனரே நான்தாண்டா!"

பொடி நண்டு அதை மேலும் கீழும் பார்த்தது.

"எங்க ஓனருக்குச் சொந்தமா சங்கு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, கொடுக்கால் வாசலை அடைத்துக்கொண்டது.